அநுலாதேவி: பழியும் வரலாறும்

ஈழத்தின் பண்டைய அரசர் வரிசையிலே தன் பெயராலேயே ஆட்சிக்காலம் கணிக்கப்பெற்ற முதற்பெண் அநுலாதேவி ஆவாள். அவள் தனித்து அரசாண்டது நான்கே திங்கள். ஆயினும், இருபதும் முப்பதும் ஆண்டுகள் ஆண்டு குளங்களும் விகாரைகளும் எடுப்பித்த மன்னர் பலரின் பெயரை மறந்துவிட்டோரும் அநுலாவின் பெயரை மறந்தாரல்லர். ஆறு ஆடவரை அடுத்தடுத்து நஞ்சூட்டிக் கொன்றவள், காமத்தின் பொருட்டு அரசையே கைமாற்றியவள் என்னும் பழி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. பாடநூல்களிலே இரண்டு வரியிலும், கதை சொல்வோர் வாயிலே இருநூறு வரியிலும் இப்பழி இன்றும் உயிர் வாழ்கின்றது. இப்பழியில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரித்து நோக்குவது பயனற்ற முயற்சியன்று. ஏனெனில் அநுலாவின் கணவர் எனக் கூறப்படுவோருள் இருவரைத் தமிழர் என்று மகாவம்சமே குறிப்பிடுகின்றது. அவள் வாழ்ந்த அநுராதபுரமோ வன்னிப் பெருநிலத்தின் தென்னெல்லையிலிருந்து அரைநாட் பயணத் தொலைவிலே உள்ளது.

முதலிற் கதையை உள்ளவாறே எடுத்துரைத்தல் வேண்டும். மகாவம்சத்தின் முப்பத்துநான்காம் அதிகாரம் இதனைக் கூறுகின்றது. வட்டகாமணி அபயனின் மகனாகிய சோரநாகன் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டான். அவனுக்குப் பின் மகாசூளி மன்னனின் மகனாகிய தீசன் மூன்று ஆண்டுகள் ஆண்டான். சோரநாகனின் தேவியாகிய அநுலா, அரண்மனைக் காவலன் ஒருவன்மீது கொண்ட மையலாற் சோரநாகனை நஞ்சூட்டிக் கொன்றாள்; அதே காவலன் பொருட்டுத் தீசனையும் நஞ்சூட்டிக் கொன்று அரசைக் காவலனிடம் ஒப்படைத்தாள். சிவன் என்னும் பெயருடைய அக்காவலர் தலைவன் அநுலாவைப் பட்டத்துத் தேவியாக்கி ஓராண்டும் இரண்டு திங்களும் ஆண்டான். பின்னர் அவள் வடுகன் என்னும் தமிழனை விரும்பிச் சிவனைக் கொன்றாள். நகரத் தச்சனாகிய வடுகனும் ஓராண்டும் இரண்டு திங்களும் ஆண்டான். அவனைக் கொன்று, விறகு சுமப்போனாகிய தாருபதிக தீசனுக்கு அரசு தந்தாள். அவன் ஓராண்டும் ஒரு திங்களும் ஆண்டு, மகாமேகவனத்திலே ஒரு குளமும் அமைத்தான். அவனுக்கும் நஞ்சே முடிவாயிற்று. அரண்மனைப் புரோகிதனான நீலியன் என்னும் தமிழ்ப் பிராமணன் ஆறு திங்கள் ஆண்டான். ஈற்றிலே முப்பத்திரண்டு காவலரோடு தன் விருப்பம்போல் இன்புற வேண்டி நீலியனையும் கொன்று, அநுலா தானே நான்கு திங்கள் ஆண்டாள். அவளுக்கு அஞ்சி ஓடித் துறவு பூண்டிருந்த மகாசூளியின் இரண்டாம் மகன் குடகண்ணதீசன், காலம் வாய்த்தபோது படையோடு வந்து அவளைக் கொன்று இருபத்திரண்டு ஆண்டுகள் அரசாண்டான்.

கதை இவ்வளவே. சிவன் முதல் அநுலா ஈறாக உள்ள ஆட்சிக்காலங்களைக் கூட்டினால் நான்கு ஆண்டும் மூன்று திங்களும் வரும். வழமையான காலக்கணிப்பின்படி இது கி.மு. 47 முதல் 42 வரையுள்ள காலப்பகுதியில் அமையும். பண்டைய ஈழத்துக் காலக்கணிப்பிலே அறிஞரிடை வேறுபாடுகள் உண்டெனினும், கி.மு. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கொள்வதிலே பெரும்பிழை நேராது.

இனி, இதனைக் கூறுவோர் யாவர்? மகாவம்சத்தை இயற்றிய மகாநாம தேரர் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வாழ்ந்தவர் என்பர். அநுலாவுக்கும் அவருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டளவில் எழுந்த தீபவம்சமும் இவ்வரசர்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, அநுலா நான்கு திங்கள் ஆண்டமையையும் அவளது கொலைகளையும் கூறுகின்றது. இரு நூல்களும் மகாவிகாரையிலே பேணப்பட்ட பழைய சிங்கள உரைமரபினை மூலமாகக் கொண்டவை. ஆகவே, சாட்சிகள் இரண்டாயினும் வாக்குமூலம் ஒன்றே. இதனை மறந்து, இரு நூல்கள் ஒத்துக் கூறுகின்றமையால் செய்தி உறுதியாயிற்று என்று வாதிடுவது பொருந்தாது. 1837ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் டேர்னர் மகாவம்சத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டதன் பின்னரும், 1912இல் வில்ஹெல்ம் கைகரின் மொழிபெயர்ப்பு வெளிவந்ததன் பின்னரும் அநுலாவின் கதை உலகெங்கும் பரவிற்று. பரவலால் அதன் சான்றுவலு ஒரு சிறிதும் கூடிவிடவில்லை.

இத்தகைய வம்ச நூல்களிலே இருவகைச் செய்திகள் விரவிக் கிடக்கின்றன. இன்னார் இன்னாருக்குப் பின் இத்தனை ஆண்டு, இத்தனை திங்கள் ஆண்டார் என்னும் பட்டியல் ஒருவகை. அவர் ஏன் அவ்வாறு செய்தார், அவர் உள்ளத்திலே என்ன இருந்தது என்பது மற்றொருவகை. பட்டியலைப் பேணிக்காக்க விகாரைகளுக்குத் தேவை இருந்தது; தானங்களும் நிலங்களும் அரசரின் ஆட்சியாண்டைக் கொண்டே கணிக்கப்பட்டன. ஓராண்டும் இரண்டு திங்களும், ஓராண்டும் ஒரு திங்களும், ஆறு திங்கள் என்று வரும் கணக்குகள் கதைக்காகப் புனையப்பட்டவையாகத் தோன்றவில்லை. புனைவோன் இத்துணைச் சில்லறைக் கணக்கை விரும்பான். ஆகவே சிவன், வடுகன், தாருபதிக தீசன், நீலியன், அநுலா என்னும் ஐவரும் அநுராதபுரத்தில் ஆட்சி செய்தனர் என்பதை ஐயுறுதற்கு வலுவான காரணமில்லை. ஐயத்துக்கு இடமாவது இரண்டாம் வகைச் செய்தியே.

அவ்வகைச் செய்தியிலே ஒரு முரண்பாடு வெளிப்படையாகவே கிடக்கின்றது. காவலன்மீது கொண்ட மையலால் அநுலா சோரநாகனைக் கொன்றாள் என்று நூலாசிரியர் கூறுகின்றார். ஆயின் சோரநாகன் இறந்ததும் அரியணை ஏறியவன் அக்காவலன் அல்லன். மகாசூளியின் மகன் தீசன். அவன் ஒரு நாளோ இரு நாளோ அன்றி மூன்று ஆண்டுகள் முழுமையாக ஆண்டிருக்கின்றான். மையலால் அறிவிழந்து கணவனைக் கொன்ற ஒருத்தி, காதலனை அரண்மனை வாயிலிலேயே நிறுத்திவைத்துவிட்டு மூன்று ஆண்டு காத்திருந்தாள் என்று கொள்வது எங்ஙனம்? இன்னொன்றும் நோக்கற்பாலது. சிவன், வடுகன், தாருபதிக தீசன், நீலியன் ஆகிய ஒவ்வொருவரும் அநுலாவைத் தம் பட்டத்துத் தேவியாக்கினர் என்று மறவாது கூறும் மகாவம்சம், மகாசூளியின் மகன் தீசனைப் பற்றிக் கூறுமிடத்து அவ்வாறு கூறவில்லை. அவளை அவனுடைய மனைவியாகவும் ஆக்கியோர் பிற்காலக் கதை சொல்வோரே. கொலைகளை ஒரு சரட்டிலே கோத்துவிட வேண்டும் என்னும் அவசரம் அவர்களுக்கு இருந்தது போலும்.

நூலாசிரியரின் மனப்போக்கினைக் காட்ட அவரது பாளிச் செய்யுளே போதுமானது. பாளியிலே நஞ்சைக் குறிக்கும் சொல் விச என்பது. நேர்மையற்றது, கொடியது என்னும் பொருள் தரும் சொல் விசம என்பது. இவ்விரு சொற்களையும் அடுக்கி, கொடியவனைக் கொடியவள் நஞ்சூட்டிக் கொன்றாள் என்று ஒலிநயம் பட அவர் பாடியுள்ளார். தமிழிலும் விடம் என்பதைக் கொண்டு புலவர் இத்தகைய சொல்விளையாட்டு ஆடுவதுண்டு. செய்யுளுக்கு அது அழகாகலாம். ஆயின் கொலைக்கருவி யாது என்று ஆராய்வோருக்கு அது இடர்ப்பாடாகின்றது. ஆறு மன்னரும் ஒரே வகையாக நஞ்சினாலேயே இறந்தனர் என்னும் செய்தியிலே, நடந்தது எவ்வளவு, செய்யுளின் ஓசை இழுத்துவந்தது எவ்வளவு என்று எவ்வாறு அளந்தறிவது? மூன்றாம் கணவன் நஞ்சுண்டு இறந்த பின்பும் நான்காமவன் அவள் கையால் உண்டான், அவன் இறந்த பின்பும் ஐந்தாமவன் உண்டான் என்பது அரண்மனை வாழ்வோரின் அறிவுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

அநுலாவின் கதையை விளங்கிக்கொள்ள அரசகுலத்தின் கிளைகளை அறிதல் இன்றியமையாதது. துட்டகாமணியின் தம்பியாகிய சத்தாதீசனின் மக்களுள் கல்லாடநாகன் ஒருவன், வட்டகாமணி மற்றொருவன். கல்லாடநாகனை அவனது படைத்தலைவனே கொன்றுவிட, அப்படைத்தலைவனைக் கொன்று வட்டகாமணி அரசனானான். அரசனானதும் அவன் செய்த முதற் செயல்களுள் ஒன்று, அண்ணனின் கைம்பெண்ணைத் தன் தேவியாக்கி, அவளுடைய மகன் மகாசூளியைத் தன் மகனாக ஏற்றதாகும். தந்தையின் இடத்தை ஏற்றமையால் மக்கள் அவனைப் பிதுராஜன் என்று அழைத்தனர். அக்கைம்பெண்ணின் பெயரும் அநுலாதேவி என்பதே. தேவநம்பியதீசன் காலத்திலே சங்கமித்தையின் கையாற் பிக்குணியான முதற் பெண்ணின் பெயரும் அநுலாவே. ஆக, மகாவம்சத்திலே ஒரே பெயரில் ஒரு புனிதவதி, ஒரு குலத்தாய், ஒரு கொலைகாரி என மூவர் உலவுகின்றனர்.

வட்டகாமணிக்குப் பின் அண்ணன் மகன் மகாசூளி பதினான்கு ஆண்டுகள் ஆண்டான். கூலியாளாக உழைத்து ஈட்டிய பொருளைத் தானஞ் செய்தால் புண்ணியம் மிகுதி என்று கேட்டு, அரசனாகிய அவனே வயலில் நெல்லறுத்தும் கரும்பாலையில் உழைத்தும் தானஞ் செய்தான் என்று மகாவம்சம் புகழ்கின்றது. இதே காலத்தில் வட்டகாமணியின் சொந்த மகன் நாகன் நாட்டிலே கலகக்காரனாக அலைந்து திரிந்தான். சோரன் என்னும் அடைமொழி அவனுக்கு வந்தது இதனாலேயே. இங்கே பிணக்கு எதுவென்பது தெளிவு. ஆண்ட மன்னனின் வயிற்றுப் பிள்ளை காட்டிலே திரிய, வளர்ப்புப் பிள்ளை அரியணையில் இருந்தான். மகாசூளி இறந்ததும் சோரநாகன் அரசைக் கைப்பற்றினான். அவன் இறந்ததும் அரசு மீண்டும் மகாசூளியின் கிளைக்கே சென்றது. பின்னர் நான்கு ஆண்டுக் குழப்பம். அதன்பின் மகாசூளியின் கிளையே வென்று நிலைபெற்றது. சோரநாகனின் கைம்பெண்ணாகிய அநுலா தோற்ற கிளையின் தேவி. அவளைக் கொன்ற குடகண்ணதீசன் வென்ற கிளையின் முதல்வன். அவனுக்குப் பின் பாதிகாபயன், மகாதாடிக மகாநாகன் என்று அவன் மக்களே அடுத்தடுத்து ஆண்டனர். அவளைப் பற்றிய நினைவு எவருடைய அரண்மனையிலே உருப்பெற்றது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அரண்மனையோடு விகாரையையும் சேர்த்து நோக்க வேண்டும். அபயகிரி விகாரையை எடுப்பித்து மகாதிஸ்ஸ தேரருக்கு அளித்தவன் சோரநாகனின் தந்தை வட்டகாமணி. மகாவிகாரையினரால் விலக்கப்பட்ட அத்தேரரோடு தொடங்கிய பிளவு ஈழத்துப் பௌத்த சங்கத்தைப் பல நூற்றாண்டுகள் இரண்டாக்கியது. கலகக்காரனாகத் திரிந்தபோது தனக்குப் புகலிடம் தராத பதினெட்டு விகாரைகளைச் சோரநாகன் அரசனானதும் இடித்தான் என்றும், இறந்த பின் நரகம் புகுந்தான் என்றும் மகாவம்சம் உரைக்கின்றது. இடித்தது உண்மையாயின் மகாவிகாரையினர் அவன்மீது கொண்ட வெறுப்புக்குக் காரணமுண்டு. ஆனால் அந்த வெறுப்பு அவன் வீட்டிலுள்ளோர் மீதும் படர்ந்திருக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. கணவன் கொடியவன், அவனைக் கொன்றவளோ இன்னும் கொடியவள். ஒரே செய்யுளில் இருவரையும் முடித்துவிட்டார் தேரர்.

ஒப்புநோக்கிற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முந்திய அதிகாரத்திலேயே, வட்டகாமணியின் முதலாட்சியை முறியடித்து அநுராதபுரத்தை ஆண்ட ஐந்து தமிழரின் செய்தி வருகின்றது. புலகத்தன் மூன்று ஆண்டு, பாகியன் இரண்டு ஆண்டு, பனயமாறன் ஏழு ஆண்டு, பிளயமாறன் ஏழு திங்கள், தாடிகன் இரண்டு ஆண்டு ஆகப் பதினான்கு ஆண்டும் ஏழு திங்களும். ஒவ்வொருவனும் தன் முன்னோனின் படைத்தலைவனாக இருந்து, அவனைக் கொன்று அரசனானவன். அங்கேயும் ஐந்து பேர், அங்கேயும் தொடர்கொலை. ஆயின் அவர்களுடைய உள்ளத்துக் காமமோ வெறியோ பேசப்படவில்லை. ஆடவன் அரசனைக் கொன்று அரசனானால் அது அரசியல். பெண்ணொருத்தியின் அருகே அரசர் மாறினால் அது காமம். நூலாசிரியர் இவ்வேறுபாட்டை எண்ணிச் செய்தார் என்று கூறுவதற்கில்லை. அக்காலத்தார்க்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

அநுலாவின் கணவர்களின் தொழில்களே கதை கேட்போரின் ஏளனத்துக்கு முதலிடமாகின்றன. வாயிற்காவலன், தச்சன், விறகு சுமப்போன் என்று கீழே கீழே இறங்கிச் செல்வதாக அப்பட்டியல் ஒலிக்கின்றது. சற்று நின்று நோக்கினால் இவர்கள் அத்துணை எளியவரல்லர். சிவன் ஏதோ ஒரு காவலாளி அல்லன். அரண்மனைக் காவலர்க்குத் தலைவன், அதாவது அரசனின் உயிருக்கு அண்மையிலே ஆயுதம் தாங்கி நிற்பவன். உரோமப் பேரரசிலே மன்னரை ஆக்கியதும் அழித்ததும் இத்தகைய காவற்படையே என்பதை வரலாறு கற்போர் அறிவர். வடுகனுக்குரிய பாளிப் பட்டம் நகரவட்டகி என்பது. வட்டகி என்னுஞ் சொல் தச்சனையும் குறிக்கும், கட்டட வேலைகளை நடத்துவோனையும் குறிக்கும். குளமும் தூபியும் மதிலுமாக விளங்கிய அநுராதபுரத்திலே நகரக் கட்டட வேலைகளின் தலைவன் ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் தன் சொல்லின்கீழ் வைத்திருந்திருப்பான். நீலியனோ புரோகிதன்; முடிசூட்டுச் சடங்குகளை நடத்தும் உரிமையுடையவன். விறகு சுமப்போன் ஒருவனே இவ்விளக்கத்துள் அடங்காது நிற்கின்றான். அவனும் ஓராண்டுக்குள் மகாமேகவனத்தில் குளம் அமைத்திருக்கின்றான் என்பதால் ஆளத் தெரியாதவன் என்று தள்ளிவிட முடியாது. இன்னுமொன்று: வாயிற்காவலன் அரசனாவது மகாவம்சத்தில் இது ஒருமுறை மட்டும் வரும் செய்தியன்று. யசலாலகதீசன் தன்னைப் போன்ற தோற்றமுடைய சுபன் என்னும் வாயிற்காவலனுக்கு அரச உடை அணிவித்து விளையாட, ஒருநாள் அவனே மெய்யரசனைக் கொல்வித்து ஆறாண்டு ஆண்டான் என்று அடுத்த அதிகாரமே கூறுகின்றது. காவலன் அரசனாதல் அக்கால மக்கள் விரும்பிக் கேட்ட கதைப்பொருள் என்பது இதனாற் புலனாகும்.

இந்நால்வரும் அரசேறியதும் முதலிற் செய்தது அநுலாவைத் தேவியாக்கியமை. இதனை அவளது மயக்குவித்தையாகக் கதை காட்டுகின்றது. வட்டகாமணி அண்ணனின் கைம்பெண்ணைத் தேவியாக்கியதை நினைவுகூர்ந்தால் வேறொரு விளக்கம் தோன்றும். அரசகுலத்திற் பிறவாதவனுக்கு, அபிடேகம் பெற்ற தேவியை மணத்தலே அரசுரிமைக்கு அண்மையான வழி. ஆதலின் அநுலா இவர்களைத் தெரிந்தெடுத்தாளா, இவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவளைக் கைப்பற்றினரா என்பது திறந்த வினாவே. சிவனும் வடுகனும் நகரத்தில் ஆண்டனர், நீலியன் அநுராதபுரத்தில் ஆண்டான் என்று நூலாசிரியர் எல்லை குறிப்பதும் கவனிக்கத்தக்கது. அவர்களது ஆணை நகர மதிலுக்கு அப்பால் எவ்வளவு சென்றது என்பது ஐயம். குடகண்ணதீசன் வெளியே படை திரட்ட முடிந்தமை இவ்வையத்தை வலுப்படுத்துகின்றது.

வடுகனையும் நீலியனையும் பற்றித் தமிழ் மாணவர் தனியே எண்ணிப்பார்த்தல் தகும். இவர்களைத் தமிழ் மன்னர் எனப் பெருமையோடு பட்டியலிடுவாரும் உளர். அந்நியர் அரண்மனைக்குட் புகுந்து நாட்டைக் கெடுத்தமைக்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஓராண்டும் இரண்டு திங்களும் ஆண்டவனையும் ஆறு திங்கள் ஆண்டவனையும் கொண்டு ஓர் இனத்தின் புகழையோ இகழையோ எழுப்புதல் மணலிற் கோட்டை கட்டுதலை ஒக்கும். மகாவம்சம் இவ்விருவரைத் தமிழர் என்று அடையாளங் கூறி மேலே செல்கின்றதே அன்றி, எல்லாளனைப் போலவோ ஐந்து தமிழரைப் போலவோ படையெடுத்து வந்தோராகக் காட்டவில்லை. சிவன் என்னும் பெயரைக் கொண்டு காவலர் தலைவனையும் தமிழனாக்க முயல்வது அதனினும் பிழை. தேவநம்பியதீசனின் தந்தை பெயரே மூத்தசிவன் அன்றோ.

நகரிலே பிறந்து வளர்ந்த தமிழன் ஒருவன் கட்டட வேலைத் தலைவனாகவோ புரோகிதனாகவோ இருந்திருத்தல் இயலுமா? இயலும் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. அநுராதபுரத்திலே அபயகிரிக்கு அண்மையில் உள்ள பிராமிக் கல்வெட்டு ஒன்று தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடியமர்ந்த மேடையொன்றைக் குறிப்பிடுவதோடு, இன்னார்க்கு இன்ன இருக்கை என்று பெயர்களையும் பொறித்துள்ளது. அவர்களுள் ஒருவன் மரக்கலத் தலைவன். வன்னியிலே வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைகளிலுள்ள பிராமிச் சாசனங்கள், தமிழ் வணிகனும் குடும்பத் தலைவனுமாகிய விசாகன் என்பவனைக் குறிப்பிடுகின்றன. பௌத்த துறவிகளுக்குக் குகை அளித்த தமிழ் வணிகன் அவன். பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட ஆதிப் பிராமிச் சாசனத் தொகுதியிலே இவை இடம்பெற்றுள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலே வன்னிக் காட்டிலும் அநுராதபுர நகரிலும் தமிழர் வாளோடு மட்டுமன்றி வணிகப் பொதியோடும், தானஞ் செய்யும் கையோடும் வாழ்ந்தனர் என்பது இவற்றாற் பெறப்படும். வன்னி வேறு, அநுராதபுரம் வேறு என்னும் இன்றைய எண்ணமும் பழமையானதன்று. நுவரகலாவிய 1873இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்படும் வரை வட மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே வடுகனைக் கொலைகாரியின் மூன்றாம் நான்காம் பலி என்று எண்ணுவதினும், அத்தகைய குடியிருப்பாளருள் ஒருவனாக எண்ணுவது பயனுடைத்து. வடுகன் என்பது இயற்பெயரா, வடக்கிருந்து வந்தோரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லா என்று ஆராயும் ஆசை எழுவது இயல்பே. ஒரு பெயரின் ஒலியை மட்டும் நம்பி அதற்குமேற் செல்லுதல் நன்றன்று.

பழிக்கதைகள் வளரும் முறைக்கு இரு சான்றுகள் இந்நூலிலேயே உண்டு. முப்பத்திரண்டு காவலர் என்னும் தொகை முதலாவது. மகாபுருடனின் இலக்கணம் முப்பத்திரண்டு, உடலின் கூறுகள் முப்பத்திரண்டு என்று பௌத்த மரபிலே பழகிப்போன எண் அது. எவரும் எண்ணிப் பார்த்த தொகையாகத் தோன்றவில்லை. இரண்டாவது அவளது இறுதி. குடகண்ணதீசன் அவளைக் கொன்றான் என்றும், அவளை அரண்மனையில் எரித்தான் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. உயிரோடு எரித்தான் என்று இன்று வழங்குங் கதையை அந்நூல் வெளிப்படையாகக் கூறவில்லை. பிற நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஹங்கேரி நாட்டுப் பெருங்குடிப் பெண்ணாகிய எலிசபெத் பாத்தோரி, பணிப்பெண்கள் பலரைக் கொன்றாள் என்னுங் குற்றச்சாட்டில் 1610இல் சிறைப்பட்டு 1614இல் இறந்தாள். அவளுடைய பணியாளர் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். அவளோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படவேயில்லை. இளமை வேண்டி அவள் கன்னியரின் குருதியில் நீராடினாள் என்னும் புகழ்பெற்ற கதை அவள் இறந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் 1729இலேயே அச்சேறிற்று. உரோமச் சக்கரவர்த்தி குளோடியசு கி.பி. 54இல் இறந்தபோது தேவி அகிரிப்பினா காளானில் நஞ்சு வைத்தாள் என்று எழுதியோர், அது எங்கே எவர் கையாற் கொடுக்கப்பட்டது என்பதில் தம்முள் மாறுபட்டனர். நஞ்சு அரண்மனைப் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட குற்றம் போலும்.

மகாநாம தேரரின் காலச்சூழலும் ஒருவாறு இக்கதைக்கு நிறமூட்டியிருக்கலாம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உபதிஸ்ஸ மன்னன் தன் தேவியாலேயே கொல்லப்பட, துறவியாயிருந்த தம்பி மகாநாமன் அரசனாகி அவளையே தேவியாக்கினான். அம்மன்னன் இறந்தபோது, தமிழ்ப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த அவன் மகன் சொத்திசேனனை, பட்டத்துத் தேவியின் மகளாகிய சங்கா அன்றைய நாளிலேயே கொல்வித்துத் தன் கணவனுக்கு அரசு தந்தாள். இச்செய்திகளைச் சூளவம்சம் கூறுகின்றது. மகாவம்சத்தை எழுத அமர்ந்த தேரரின் காதிலே இவை பழங்கதையாக அன்றிப் பாட்டனார் காலத்து நிகழ்ச்சியாக ஒலித்திருக்கும்.

இவ்வளவு கூறியதனால் அநுலா குற்றமற்றவள் என்று விடுவித்தல் கருத்தன்று. அவள் கையிலே குருதிக்கறையோ நஞ்சுக்கறையோ இருந்திருத்தல் கூடும். அரண்மனை மாற்றம் ஒவ்வொன்றின் நடுவிலும் அவள் நின்றாள் என்பது பட்டியலாலேயே விளங்கும். இக்கொலையால் எவருக்கு நன்மை என்று உரோம நீதிபதி ஒருவர் எப்போதும் வினவுவாராம். அவ்வினாவை இங்கே எழுப்பின் விடை விசித்திரமாகின்றது. சோரநாகனின் சாவால் நன்மை பெற்றவன் மகாசூளியின் மகன் தீசன். தீசனின் சாவாற் சிவனும், சிவனின் சாவால் வடுகனும், வடுகனின் சாவாற் தாருபதிக தீசனும், அவன் சாவால் நீலியனும் அரசெய்தினர். நேரே அநுலாவே நன்மையெய்திய சாவு ஒன்றுதான்: நீலியனின் சாவு. அவ்வொரு கொலையை அவள்மீது சுமத்துவதற்கு நியாயமுண்டு. சோரநாகனின் கொலையிலே அவளுக்குப் பங்கிருந்ததாயின் மகாசூளியின் கிளைக்கும் அதிலே பங்கிருந்திருக்க வேண்டும். அக்கிளையே பின்னர் வென்றமையால் பழி முழுவதும் அவளிடம் தங்கிவிட்டது என்று ஊகித்தல் தவறாகாது. தீசனின் சாவில் காவலர் தலைவனுக்கு உள்ள பங்கை எவ்வாறு மறுத்தல் முடியும்? ஆயுதம் அவன் கையிலே இருந்தது. இடைப்பட்ட மூன்று சாவுகளைக் குறித்து, ஒருவன் வீழ்ந்தான், மற்றொருவன் எழுந்தான் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

குடகண்ணதீசன் அரசனானதும் அநுராதபுரத்தைச் சுற்றி ஏழு முழ உயரத்திலே மதில் எழுப்பி அகழியும் தோண்டுவித்தான். தன் தாயின் பொருட்டுப் பிக்குணியர்க்கு ஓர் உறைவிடம் கட்டுவித்தான். கொலைகாரி ஒருத்தியின் காமமே நாட்டின் ஒரே நோயாக இருந்திருப்பின், அவளைக் கொன்றவனுக்கு மதிலும் அகழியும் எதற்கு?

அவனுடைய கொள்ளுப்பேர்த்தி சீவலி, தன் தமையன் சூளாபயனுக்குப் பின் அநுராதபுரத்தில் அரசேறினாள். அவளும் ஆண்டது நான்கு திங்களே. அவளை இளநாகன் அகற்றிவிட்டுத் தானே குடையுயர்த்தினான். வென்ற கிளையிற் பிறந்த அவளைப் பற்றி மகாவம்சம் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றது. அவ்வரியிலே நஞ்சுமில்லை, காவலருமில்லை.